22.5 அங்குலம்: டிரம் கோர்காரர்கள் மறக்காத அளவு

டிரம் கோரில் இருந்தவர்கள் முப்பது வருஷம் கழித்தும் அதையே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஒரு பேண்ட் செட்டைப் பத்திப் பேச இவ்வளவு என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது.

முதலில், அது பள்ளிக்கூட பேண்ட் இல்லை. அமெரிக்காவில் முதல் உலகப் போருக்குப் பிறகு, முன்னாள் ராணுவ வீரர்களின் சங்கங்களை ஒட்டி வளர்ந்த தனிக் கலை. மைதானத்தில் வடிவம் வடிவமாக நகர்ந்துகொண்டே வாசிப்பார்கள். கிளாரினெட், ஃப்ளூட், சாக்ஸஃபோன் எதுவும் கிடையாது. பித்தளைக் கருவிகள், தாளக் கருவிகள், கொடியும் ரைஃபிளும் சேபர் வாளும் சுழற்றும் கலர் கார்டு, அவ்வளவுதான். 1971-ல் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு உருவானது. 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்ற ஊரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது, அனஹெய்ம் கிங்ஸ்மென் என்ற குழு ஜெயித்தது. வயது 21-ஐத் தாண்டினால் அதோடு சரி. இதை 'ஏஜ் அவுட்' என்பார்கள். கடைசி சீசன் எது என்பது முதல் நாளே தெரிந்துவிடுவதால்தான் அந்த நினைவுக்கு இவ்வளவு கனம்.

நட்பு, கைத்தட்டல், கோப்பை எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பாசத்துக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது காலில் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 5 கெஜத்துக்கு ஒரு கோடு. அந்த 5 கெஜத்தை 8 காலடி வைத்துக் கடப்பதுதான் அடிப்படை, 'எய்ட் டு ஃபைவ்'. ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். அதே தூரத்தை 6 காலடியில் கடந்தால் 30 அங்குலம், அது பாய்ச்சல். குதிகால் முதலில் தொட வேண்டும், கட்டைவிரல் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் உருள வேண்டும். காலைத் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்வு இடுப்பு வழியாக ஏறி, ஊதுகிறவர் உதட்டில் போய் நிற்கும். நீண்ட சுரம் நடுங்கினால் வாத்தியத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் காலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். பின்னோக்கி நடக்கும்போது நேர் எதிர்: முன்பாதத்தில் மட்டும் நடை, குதிகால் தரையைத் தொடவே கூடாது. முதல் வாரத்தில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிவிடும். ஸ்நேர், டெனர், பேஸ் டிரம் சுமப்பவர்கள் பக்கவாட்டில் போகும்போது உடம்பைத் திருப்ப முடியாது. நண்டு மாதிரி காலுக்குக் கால் குறுக்கே வைத்துத்தான் போக வேண்டும்.

மைதானத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி உண்டு, 'டாட்' என்பார்கள். "முதல் பக்கம், 35 கெஜக் கோட்டுக்கு 2 காலடி வெளியே, முன் ஹாஷுக்கு 6 காலடி பின்னால்", இப்படித்தான் முகவரி. (ஹாஷ் என்பது மைதானத்தின் உட்பகுதியில் போட்டிருக்கும் சின்னக் கோடுகளின் வரிசை.) ஒரு நிகழ்ச்சியில் இந்த மாதிரி முகவரிகள் பல டஜன் வரும். எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். புதியவர்கள் செய்யும் தப்பு எப்போதும் ஒன்றே: போய்ச் சேரும் புள்ளியை மனப்பாடம் செய்வார்கள், நடுப்புள்ளியைக் கணக்குப் போட மாட்டார்கள். 16 எண்ணிக்கை நகர்வில் எட்டாவது எண்ணிக்கையில் எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால், முதல் பாதியில் சின்னச் சின்ன அடியாக வைத்துவிட்டு கடைசி நாலு எண்ணிக்கையில் எட்டிப் பிடிப்பார்கள். வளைவு அந்த இடத்தில் கிழியும். மேலே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும்.

பக்கத்தில் இருப்பவர் தவறான இடத்தில் நின்றால் நாம் என்ன செய்வது? சொந்தப் புள்ளியில் நிற்பதா, வடிவத்தோடு நகர்வதா என்று இதில் இரண்டு கட்சி உண்டு. என் கட்சி இது: பயிற்சியில் புள்ளியை விடக் கூடாது, தப்பு யாருடையது என்று அப்போதுதான் தெரியும். போட்டியில் வடிவத்தோடு போய்விட வேண்டும்.

இனி காது. மைதானத்தின் ஆழம் 160 அடி, கிட்டத்தட்ட 49 மீட்டர். ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. பின் எல்லையில் அடித்த ஸ்நேர் முன் எல்லைக்கு வந்து சேர 0.14 விநாடி ஆகும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் நிமிஷத்துக்கு 180 துடிப்பு வேகத்தில் ஒரு துடிப்பே 0.33 விநாடிதான். அந்த வேகத்தில் 30 கெஜ இடைவெளி கிட்டத்தட்ட ஒரு பதினாறாம் சுரத்தையே, அதாவது துடிப்பில் கால் பங்கையே, தின்றுவிடும். முன்னால் மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் வாசிப்பவரும் பின்னால் ஸ்நேர் அடிப்பவரும் இரண்டு பேருமே ஒழுங்காக, கை வீசித் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசித்தால், இரண்டு பேரும் சரி, ஆனால் கேட்பவருக்கு இரண்டு தனித்தனி தாளம். இதைப் புரிந்துகொள்ளாத ஒரு குழு கோடை முழுக்க உழைத்தும் கலங்கலாகவே ஒலிக்கும்.

அதனால் வேலை பிரிகிறது. டிரம் மேஜர் நடு ஸ்நேர்காரரின் காலைப் பார்த்துக் கை வீசுவார். பின்னால் இருப்பவர்கள் அந்தக் கையையும் சொந்தக் காலையும் நம்புவார்கள். முன்னால் மரிம்பா மாதிரி வாத்தியங்களோடு நகராமல் நிற்கும் பிட் குழு கையை நம்பக் கூடாது, முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் சத்தத்தின் மேல் தங்கள் சுரத்தை வைக்க வேண்டும். 'லிசன் பேக்' என்பது இதுதான். பயிற்சியில் தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமின் ஸ்பீக்கரை டிரம்களுக்குப் பின்னால் வைப்பதும் இதற்காகவே. அதை வசதிக்காக முன்னால் வைத்துப் பழக்கினால் போட்டியன்று எல்லாம் சிதறும். எதைக் கண்ணால் எடுப்பது, எதைக் காதால் எடுப்பது என்பதை 17 வயதுப் பிள்ளைகள் வெயிலில் நின்று கற்றுக்கொள்கிறார்கள். வேறு எங்கே கிடைக்கும் இந்தப் படிப்பு?

தாளக்காரர்களுக்கு உயரமும் அங்குலத்தில்தான்: 3, 6, 9, 12. கோல் முனை தோலிலிருந்து எவ்வளவு எழும்புகிறது என்பதே சத்தத்தின் அளவு. காலையில் முதல் வேலை 'எய்ட்ஸ்': வலது கை எட்டு, இடது கை எட்டு, ஒரே உயரம். இடது கை தாழ்ந்து போகும், எல்லோருக்கும் போகும். ஸ்நேரின் தோல் கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழையால் ஆனது, மேஜை போல விறைப்பாக இருக்கும், கொடுத்த அடியை அப்படியே மணிக்கட்டுக்குத் திருப்பி அனுப்பும். கோலை இறுக்கிப் பிடிப்பவர்கள் ஜூலைக்குள் மணிக்கட்டு வலியோடு ஐஸ் தேடுவார்கள்.

சாப்பாடும் தூக்கமும் சுருக்கம்தான். ஏதோ ஒரு பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்கை, இரவில் பஸ் பயணம், லாரிக்குள் சமையல்கட்டு, ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர்க் குடுவை. 'கஷ் அண்ட் கோ' என்று கத்தினால் ஓடிப்போய் மடமடவென்று குடித்துவிட்டு அடுத்த நிமிஷம் புள்ளியில் நிற்க வேண்டும்.

ஒரு வருத்தமும் உண்டு. ஒரு சீசனுக்கு ஒரு பிள்ளை சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய சின்னச் சின்ன ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பழைய ஆட்கள் 2000-ல் ஜி சுருதி பியூகிள் கொம்புதான் ஊத வேண்டும் என்ற கட்டாயம் போனதையும், 2004-ல் மைக் வந்ததையும், 2009-ல் எலெக்ட்ரானிக் வாத்தியங்கள் வந்ததையும் நினைத்துப் புலம்புகிறார்கள். எனக்கு அவற்றை விடப் பெரிய இழப்பு, பணமில்லாத பிள்ளைக்குக் கதவு சாத்தப்பட்டதுதான்.

கோடையில் அமெரிக்காவில் இருக்கிறீர்களா? பக்கத்தில் எங்காவது ஷோ நடந்தால் டிக்கெட்டை விட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், கார் நிறுத்துமிடத்தில் தாளக்காரர்கள் கை சூடாக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள், அதற்குப் பெயரே 'லாட்'. பேஸ் டிரம் வரிசையின் எதிரே நில்லுங்கள். ஐந்து பேர், ஐந்து அளவு, ஐந்து சுருதி. ஒரே ஓட்டத்தை ஆளுக்கு ஒரு சுரமாகப் பங்கு போட்டு அடிப்பார்கள். மூன்றாவது ஆளை மட்டும் கவனியுங்கள்: அவருக்கு ஓட்டத்தின் நடுவில் ஒரே ஓர் அடிதான் வரும். அதற்கு முன்னால் வரிசையிலிருந்து "டட், டட்" என்று மெல்லிய குரலில் எண்ணிக்கை கேட்கும். அந்தக் குரலோடு சேர்ந்து அவருடைய குதிகாலும் எழுந்து இறங்கும்.