பத்து அடிக்கு மேல் போகாத வைஃபை

"சேர், வைஃபை கார்ட் போயிட்டுது. புதுசுதான் போடவேணும். லினக்ஸ் போட்டா இப்பிடித்தான் சேர்."

போன மாரிக்குள் டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு இது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடுகிற இலவச இயங்குதளம். சொன்னவன் என்னிடம் இரசாயனவியல் படித்த பெடியன், ஆகவே வாய் திறந்து ஏசவும் ஏலாது. கார்டுக்கும் கூலிக்கும் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபா என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தால் மழை. தாழ்வாரத்தில் எனக்கு முன்பே இரண்டு மான்கள் ஒதுங்கி நின்றன (திருமலை ஆட்களுக்கு இது புதினமில்லை, வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்). லப்டொப் பையைக் கட்டிப்பிடித்தபடி மான்களோடு நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. செத்துப்போன கார்ட் எப்படி ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் உயிர் பிழைக்கிறது?

நடந்தது இதுதான். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் புரொசெசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது என்கிறது. பேத்தியின் லப்டொப் அதற்கெல்லாம் முந்தியது. ஆனால் கீபோட்டில் ஒரு எழுத்துக்கூடத் தேயவில்லை. அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

பேராதனையில் படிக்கிற மருமகன் முறைப் பெடியன் ஒருவன் லீவில் வந்தான். "மாமா, லினக்ஸ் மின்ட் போட்டுத் தாறன். அரை மணித்தியாலம், ஒரு பிரச்சினையும் வராது" என்றான். மின்ட் லினக்ஸில் ஒரு வகை. முன் விறாந்தையில் ரவுட்டருக்குக் கீழே இருந்து போட்டான், வைஃபை முழுக் கோடும் காட்டியது, தேத்தண்ணி குடித்தான், போய்விட்டான். மறுநாள் பேத்தி லப்டொப்பைப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். "அம்மப்பா, நெட் இல்லை." விறாந்தைக்குக் கொண்டுவந்தால் இருக்கிறது. குசினி வாசலைத் தாண்டினால் இல்லை.

எனக்குக் கோபம் இரண்டு பேர் மேலும்தான். "ஒரு பிரச்சினையும் வராது" என்றவன் மேலும், "லினக்ஸ் போட்டா இப்பிடித்தான்" என்றவன் மேலும். ஒருவன் லினக்ஸை விற்கிறான், மற்றவன் கார்ட் விற்கிறான். உள்ளே இருக்கிற சிப் எது என்று இரண்டு பேரில் ஒருவனும் கேட்கவில்லை. சுகமில்லாதவனிடம் எங்கே நோகிறது என்று கேட்காமல் மருந்து எழுதுகிற வைத்தியம் இது. லினக்ஸில் வைஃபையைப் பொறுத்தவரை முதல் கேள்வி அதுதான், மற்றதெல்லாம் பிறகு.

ஏன் வைஃபைக்கு மட்டும் இந்தப் பாடு? கீபோட், திரை, பென் டிரைவ் எல்லாம் பெரும்பாலும் பொது ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை, யார் செய்தாலும் ஒரே மாதிரிப் பேசும். வைஃபை சிப் அப்படியில்லை. வான்வழியில் அது பேசுகிற பாஷைதான் பொது, கணினியோடு பேசுகிற பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதை மொழிபெயர்க்கிற டிரைவர் வேண்டும். அது போதாதென்று அந்தச் சிப்பே ஒரு குட்டிக் கணினி, ஒவ்வொரு முறை உயிர்ப்பிக்கும்போதும் அதற்குள் ஏற்ற வேண்டிய ஃபேம்வெயர் என்ற அதன் சொந்தப் புரோகிராம் இன்னொன்றும் பெரும்பாலும் தேவை. இன்டெல் கார்டுகளில் டிரைவர் திறந்த மூலம் (எழுதின கோடை யாரும் பார்த்துத் திருத்தலாம்), ஃபேம்வெயர் மூடினது, ஆனால் யாரும் பகிரலாம் என்று அனுமதி இருக்கிறது. அதனால் அவை அனேகமாகப் போட்டவுடன் ஓடும். புரொட்கொம் என்ற இன்னொரு சிப் கம்பெனி நெடுங்காலம் விவரமே வெளியிடவில்லை. தன்னார்வலர்களில் ஒரு கூட்டம் அந்த மூடின டிரைவரைப் பிரித்துப் பார்த்துக் குறிப்பு எழுத, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து இன்னொரு கூட்டம் புது டிரைவர் எழுதியது. பார்த்து எழுதினாய் என்று நாளைக்கு யாரும் வழக்குப் போடக் கூடாது என்றுதான் இரண்டு கூட்டம். 2010 செப்டெம்பரில்தான் அந்தக் கம்பெனி சில சிப்புகளுக்குத் தானே திறந்த டிரைவர் தந்தது. மற்றச் சிலவற்றுக்கு இன்றைக்கும் அதன் மூடின டிரைவரைத்தான் தனியாக இறக்கவேண்டும்.

இறக்குவதற்கு நெட் வேண்டும். நெட்டுக்கு டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம், கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை. இதில் மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் லினக்ஸைக் கைவிட்டிருப்பார்கள். இதற்கு ஒரு லேசான வழி இருக்கிறது, கையில் அன்ட்ராய்ட் போன் இருந்தால் போதும். சார்ஜ் போடுகிற வயரால் லப்டொப்பில் கொளுவி, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் என்பதைப் போட்டுவிட்டால் லப்டொப் அதை வயர் நெட் என்று எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் தேவையில்லை. டேட்டா கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

லினக்ஸில் இன்னொரு வகையான டெபியனைச் செய்கிறவர்கள் இந்த ஃபேம்வெயர் விஷயத்தில் நெடுநாள் பிடிவாதமாக இருந்தார்கள். மூடின எதையும் அதிகாரபூர்வ இன்ஸ்டோலரில் சேர்ப்பதில்லை என்பது கொள்கை. 2022இல் தங்களுக்குள் வாக்கெடுத்து அதைத் தளர்த்தினார்கள், 2023 ஜூன் 10இல் வந்த டெபியன் 12 முதல் ஃபேம்வெயர் உள்ளேயே வருகிறது. கொள்கை கெட்டுப்போச்சு என்று அழுதவர்களும் உண்டு. நான் வாக்கெடுப்பின் பக்கம். நெட்டே இல்லாத கணினியில் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். முப்பது வருடம் ஆய்வுகூடத்தில் நின்றவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை. பின்னறையில் அதே மேசையில் என் போனை வைத்தேன், மூன்று கோடு. அப்போ ரவுட்டரில் குற்றமில்லை. மருமகன் பெடியன் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்க்கில்தான் மின்ட் போட்டிருந்தான். பழையதை மாட்டினேன். விண்டோஸ், அதே மேசை, அதே லப்டொப், வைஃபை நன்றாக ஓடியது. அப்போ கார்டும் சாகவில்லை. எட்டாயிரத்து ஐந்நூறு அந்த இடத்திலேயே மிச்சம். திரும்ப மின்ட். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னலில், ஐடபிள்யூகொன்ஃபிக் என்று அடித்தால் சிக்னல் அளவு வரும், எண் பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. விறாந்தையில் மைனஸ் 45. பின்னறையில் மைனஸ் 86.

பிறகுதான் முதலே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்தால் உள்ளே இருக்கிற கார்டுகளின் பெயர்கள் வரிசையாக வரும். என்னுடையது ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. அந்தப் பெயரோடு தேடிய பத்தாவது நிமிடம் விடை வந்தது. அந்தப் பெயர் இல்லாமல் "லினக்ஸில் வைஃபை வேலை செய்யவில்லை" என்று முதல் இரண்டு நாள் தேடியதில் வந்ததெல்லாம் ஊரார் வீட்டுக் கதை.

விடை இதுதான். அந்தக் கார்டில் அன்டெனா வயர் கொளுவ இரண்டு இடம் உண்டு. செலவை மிச்சம் பிடிக்கச் சில லப்டொப்புகளில் ஒரு வயரை மட்டும் கொளுவி அனுப்பியிருக்கிறார்கள். எதில் கொளுவினோம் என்பதைச் சிப்புக்குள் ஒரு சின்ன நினைவகத்தில் எழுதி வைக்கவேண்டும், அதைப் பிழையாக எழுதிவிட்டார்கள். லினக்ஸ் டிரைவர் அதை நம்பி, வயரே இல்லாத முனையால் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இருந்தால் வயர் இல்லாமலும் கொஞ்சம் காதில் விழும். பத்து அடி தாண்டினால் செவிடு.

மருந்து ஒரே ஒரு வரி. டிரைவர்களுக்கான செட்டிங்ஸ் இருக்கிற மொட்புரோப்.டி என்ற ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல், அதில் அந்த டிரைவரின் பெயரும் "அன்ட்_செல்" என்ற தெரிவுக்கு 1 அல்லது 2 என்ற இலக்கமும். எனக்கு 1 சரிவரவில்லை. 2 போட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பின்னறைக்குப் போனேன். மைனஸ் 53. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுக்கு என்ன அம்மப்பா?" என்றாள்.

அந்த டிரைவரை வருடக்கணக்காகப் பராமரித்தவர் லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர். 2005 முதல் லினக்ஸின் வைஃபை டிரைவர்களில் கை வைத்தவர், முதலில் புரொட்கொம், பிறகு ரியல்டெக். 2024 ஜூன் 21இல் காலமாகிவிட்டார். அவரைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது, ஏனென்றால் மனிதர் தொழிலால் கணினிக்காரர் இல்லை, பளிங்கியல் (கிரிஸ்டல்களைப் பற்றிய படிப்பு) ஆராய்ந்த விஞ்ஞானி. எல் சல்வடோரில் இசல்கோ எரிமலையில் கிடைத்த செப்பும் வனேடியமும் சேர்ந்த ஒரு கனியத்துக்கு அவர் பெயரால் ஃபிங்கரைட் என்று பெயர். புல்மோட்டைக் கருமணலைத் தாளில் கொட்டி, இதில் இல்மனைட், இதில் ரூட்டைல், இதில் சிர்க்கோன் என்று பிள்ளைகளுக்குக் காட்டியவன் நான். பளிங்குகளோடு வாழ்ந்துவிட்டு ஓய்வுக்காலத்தில் முகம் தெரியாதவர்களின் கார்டுகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர் எங்கள் வீட்டுப் பின்னறைக்கும் வந்து போயிருக்கிறார் போல.

கடைக்காரப் பெடியனிடம் போய்ச் சொன்னேன். மடக்குவதற்காக இல்லை, அவன் நல்ல பிள்ளை. "உண்மையாவா சேர்? இதே மொடல் இன்னொண்டு கிடக்கு" என்று அலுமாரிக்குள் இருந்து ஒன்றை எடுத்தான். யாரோ கார்ட் மாற்றக் கொடுத்துவிட்டுப் போனது. அவனையே எல்எஸ்பிசிஐ அடிக்க வைத்தேன். அதே 8723. அதற்கு 1 சரிவந்தது.

இப்போது யாராவது போன் எடுத்து, "சேர், லினக்ஸ் போடலாமா?" என்று கேட்டால், போட முதல் பென் டிரைவில் இருந்தே அதை ஓட்டிப் பார்த்து, அந்தக் கட்டளையை அடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பாதிப் பேர் லப்டொப்பின் அடியில் இருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். இன்னும் ஒன்று. 8723இல் புளூடூத்தும் அதே சிப்தான். பேத்தியின் ஹெட்செட் கால்மணிக்கு ஒருக்கால் அறுந்துபோகிறது. அதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, சிப் பெயரைத்தான் முதலே சொல்லிவிட்டேனே.