14ஆவது ஆட்டம் வெறும் அதிர்ஷ்டமா?

2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டமான 14ஆவதில், அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரென் செய்த ஒரே தவறுதான் இந்தியாவின் குகேஷுக்குப் பட்டம் கொடுத்தது என்று அந்த ஆட்டத்தைப் பற்றிய ஒரு கட்டுரை முடிகிறது. பாதிதான் சரி. 55ஆவது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தது பெரிய பிழை, மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் பிழையானது? டிங்கின் பிஷப் அதற்கு முன்பே ஏ8 மூலைக்குப் போய்விட்டது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். மூலையில் நிற்கும் பிஷப்புக்கு வெளியேற அந்த ஒரு மூலைவிட்டப் பாதைதான். அதை அடைத்தாயிற்று, குகேஷின் பிஷப்புக்கு அவர் ராஜாவின் பாதுகாப்பும் இருக்கிறது. வேறு வழியின்றி பிஷப்புகளும் மாறின. மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும், அதில் கருப்புக் காய்களுடன் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 58ஆவது நகர்வோடு ஆட்டம் முடிந்தது.

அந்தத் தவறுக்கு முன்புவரை, அந்த ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது என்று பலரும் டிராவுக்கு எழுதிவிட்ட நிலை அது. டிரா ஆகியிருந்தால் 7-7 என்று சமனாகி, வெற்றியாளரை வேக ஆட்டங்களில் தீர்மானிக்கும் டை-பிரேக் வந்திருக்கும். வேக ஆட்டத்தில் டிங்கின் கைதான் ஓங்கியிருக்கும் என்பது பரவலான கணிப்பு. அதனால் ஆபத்தே இல்லாத நிலையில் குகேஷ் எதற்கு டிராவுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? எதிராளி ஒவ்வொரு நகர்விலும் சரியாக ஆடியே தீர வேண்டும் என்று உட்கார வைப்பதும் திறமைதானே ஐயா!