கலிபோர்னியாவின் முதல் ஆளுநர் ஸ்டான்போர்டா?

“ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தை நிறுவிய லேலண்ட் ஸ்டான்போர்டுதான் கலிபோர்னியாவின் முதல் ஆளுநர்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அவர் எட்டாவது ஆளுநர். 1862 ஜனவரி முதல் 1863 டிசம்பர் வரை பதவியில் இருந்தார்.

முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட். 1849 நவம்பர் 13 தேர்தலில் வென்று, டிசம்பர் 20 அன்று ராணுவ ஆளுநர் பென்னெட் ரைலியிடமிருந்து பொறுப்பேற்றார். கலிபோர்னியா மாநிலமானதோ 1850 செப்டம்பர் 9. மாநிலம் பிறக்கும் முன்பே ஆளுநர் வந்துவிட்டார்! அதனால் 1850-இலிருந்து எண்ணத் தொடங்கினாலும் முதல் பெயர் பர்னெட்தான். 1851 ஜனவரியில் அவர் ராஜினாமா செய்ய, துணை ஆளுநர் ஜான் மெக்டூகல் வந்தார்.

பர்னெட்டுக்கும் ஸ்டான்போர்டுக்கும் இடையே ஆறு பேர். அதில் மில்டன் லேதம் இருந்தது ஐந்தே நாள் (1860 ஜனவரி). அமெரிக்க செனட்டில் இடம் கிடைத்ததும் கிளம்பிவிட்டார். பட்டியலை எண்ணும்போது இவரைத் தவறவிட்டால், ஸ்டான்போர்டு ஏழாவதாகிவிடுவார்.

குழப்பத்துக்குக் காரணம் ஒன்று உண்டு: ஸ்டான்போர்டு அங்கே ‘முதல் குடியரசுக் கட்சி ஆளுநர்’. நடுவிலுள்ள இரண்டு சொற்களை யாரோ விழுங்கியிருக்க வேண்டும். பல்கலைக்கழகமும் பின்னால் வந்ததுதான், 1885-இல்.