கேம்ப்கிரவுண்டைப் பூட்டிவிட்டால் சைக்கிளில் வருகிறவர் எங்கே படுப்பார்?

பசிபிக் கடற்கரையோரமாக சைக்கிளில் போக ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த சைக்கிள், எந்த டயர், ஒரு நாளைக்கு எத்தனை மைல் ஓட்ட முடியும் என்பதுதான். ராத்திரி எங்கே தூங்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், "அதான் வழியெல்லாம் கேம்ப்கிரவுண்ட் இருக்கே" என்கிறார்கள். டென்ட் போட்டுத் தங்கும் அந்த இடங்கள் இருக்கின்றன, சரி. திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? இந்தப் பாதையில் காலும் நுரையீரலும் கைவிட்டு ஊர் திரும்பியவர்களைவிட, சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிய கேட் முன்னால் நின்று அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தவர்களின் கதைகளைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் வான்கூவரில் தொடங்கி வாஷிங்டன், ஓரிகன், கலிபோர்னியா வழியாக மெக்சிகோ எல்லை வரை சுமார் 1,850 மைல், அதாவது கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். கோடையில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் எல்லாரும் வடக்கிலிருந்து தெற்கே ஓட்டுவார்கள். அப்படிப் போனால் கடலும் நம் பக்கத்திலேயே வரும். முழுசாகப் போக நேரமில்லாதவர்கள் ஓரிகன் கடற்கரையை மட்டுமோ, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் லூயிஸ் ஒபிஸ்போ வரைக்குமோ ஓட்டுவார்கள்.

இந்தப் பாதையை சாதாரண வருமானக்காரர்களும் ஓட்ட முடிகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம் ஹைக்கர்-பைக்கர் இடங்கள், அதாவது நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்கான மூலைகள். மாநிலப் பூங்காக்களில் காரில் வருகிறவர்கள் ஆறு மாதம் முன்பே இடம் பிடித்துவிடுவார்கள். சைக்கிளில் வருகிறவரால் எந்த நாள் எந்த ஊரில் இருப்போம் என்று அப்படிச் சொல்ல முடியாது. ஒரு நாள் எதிர்காற்று, ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் முழங்கால் வலி. அதற்காகவே பூங்காவின் ஒரு மூலையில் கொஞ்சம் புல்தரை, ரெண்டு மேசை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முன்பதிவு கிடையாது, தலைக்குச் சில டாலர் கொடுத்தால் போதும், ஒன்றிரண்டு இரவு தங்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஓரிகனில் இடம் நிரம்பிவிட்டது என்று சைக்கிள்காரரைத் திருப்பி அனுப்பாத வழக்கமே உண்டு. நம் ஊர்ப் பழைய வீடுகளில் வழிப்போக்கர் தலைசாய்க்க விட்டு வைத்த திண்ணை மாதிரிதான் இது. அந்நியர்கள் நாலைந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து நூடுல்ஸ் வேகவைத்து, நாளைக்கு எந்த ஏற்றம் கஷ்டம் என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு இந்தப் பயணத்தில் கடலுக்கு இணையாகப் பிடித்தது அந்தச் சாயங்காலப் பேச்சு.

மூடல் என்று வரும்போது முதலில் பூட்டப்படுவதும் இந்த மூலைதான். 2020 மார்ச் 17 அன்று கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களின் எல்லா கேம்ப்கிரவுண்டுகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். கொரோனா காலம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோடையில் மெல்ல மெல்லத் திறந்தபோது பல பூங்காக்களில் காருக்கும், வீடு மாதிரி வசதியுள்ள ஆர்வி வண்டிகளுக்கும் உள்ள இடங்கள் திறந்தன, ஹைக்கர்-பைக்கர் இடம் மட்டும் பூட்டியே கிடந்தது. பொது இடம், முன்பதிவு இல்லை, யார் வந்தார்கள் என்ற கணக்கு இல்லை என்பது காரணம். தனியார் பூங்காக்கள் சிலவும் சொந்தக் கழிப்பறை உள்ள வண்டிகளை மட்டும் அனுமதித்து, டென்ட் வேண்டாம் என்றன. வீட்டையே இழுத்துக்கொண்டு வருபவருக்கு இடம் உண்டு, முதுகு வலிக்க மிதித்து வருபவருக்கு இல்லை என்றாகிவிட்டது. தொற்று நோய்க்கு அது நியாயமாகவே இருந்திருக்கலாம். என் கவலை, தொற்று இல்லாத காலத்திலும் இதே வரிசைதான் நடக்கிறது என்பது.

ஏனென்றால் இந்தக் கடற்கரையில் மூடல் ஏதோ நூறு வருஷத்துக்கு ஒரு முறை வருவதில்லை. புயல், காட்டுத்தீ, மண்சரிவு, பராமரிப்பு, பணமில்லாமை என்று வருஷத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும். 2011இல் கலிபோர்னியா அரசு நிதி நெருக்கடியைக் காட்டி 70 பூங்காக்களை மூடப்போவதாகப் பட்டியலே போட்டது. மாநிலத்தின் வடக்கே லெகெட் என்ற ஊர் அருகிலுள்ள ஸ்டாண்டிஷ்-ஹிக்கியும் அதில் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் அது ஒரு சின்னப் பூங்கா. ஆனால் இந்தப் பாதையிலேயே உயரமான லெகெட் ஏற்றத்துக்கு முந்தைய இரவு சைக்கிள்காரர் படுக்கும் இடம் அது. அங்கிருந்து ஃபோர்ட் பிராக் வரை சுமார் 45 மைல், நடுவில் ரெண்டு மலை. அந்த இடம் போனால் மறுநாள் ஓட்டம் மொத்தமாக மாறிவிடும். நல்லவேளை, உள்ளூர் மக்களும் ஆதரவாளர்களும் முயன்று அதைக் காப்பாற்றினார்கள். ஓரிகனிலும் நெஹலம் பே, பெவர்லி பீச் போன்ற பூங்காக்களைக் கட்டுமான வேலைக்காக மாதக்கணக்கில் மூடியிருக்கிறார்கள். அங்கே பூங்காக்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்று மூடினால் இன்னும் இருபது முப்பது மைல் மிதித்துச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாத இடம் கலிபோர்னியாவின் பிக் சர். கார்மலிலிருந்து சான் சிமியன் வரை சுமார் 90 மைல், ஒரு பக்கம் சான்டா லூசியா மலை, இன்னொரு பக்கம் நேராகக் கடல். வீடுகளே அபூர்வம், செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. ஃபைஃபர் பிக் சர் பூங்காவில் ஒரு இரவு, கர்க் கிரீக்கில் ஒரு இரவு, அப்புறம் சான் சிமியன் என்பது வழக்கமான கணக்கு. கர்க் கிரீக்கில் குடிதண்ணீர் கிடையாது, அங்கே தங்குகிறவர் தண்ணீரைச் சுமந்துகொண்டு போக வேண்டும். அதற்கு வடக்கே இருக்கும் லைம்கில்ன் பூங்கா 2023 குளிர்காலப் புயல்களில் சேதமாகி மூடப்பட்டது. சாலையும் அப்படித்தான். 2017 மே மாதம் மட் கிரீக்கில் மலை சரிந்து, 2018 ஜூலையில்தான் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ரேட் கிரீக்கில் சாலையையே மழை அடித்துக்கொண்டு போனது. 2023இல் பால்ஸ் ஸ்லைட், 2024இல் ரீஜென்ட்ஸ் ஸ்லைட் என்று மேலும் ரெண்டு மண்சரிவுகள். இப்படிப்பட்ட இடத்தில் ரெண்டு கேம்ப்கிரவுண்டில் ஒன்று மூடினாலும், சுமையோடு அந்த ஏற்ற இறக்கங்களில் ஒரே நாளில் 65, 70 மைல் ஓட்டும் நிலை வரும். பழக்கமுள்ளவருக்கே அது கடினம். வழியிலுள்ள விடுதிகளோ கோடையில் இரவுக்குச் சில நூறு டாலர் கேட்கும்.

இங்கேதான் நிறையப் பேர் எனக்கு ஒரு யோசனை சொல்வார்கள். இருட்டினதும் சாலையை விட்டு இறங்கி, மரத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் டென்ட் போட்டு, விடிவதற்குள் கிளம்பிவிட்டால் யாருக்குத் தெரியும்? வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். இந்தக் கடற்கரைச் சாலையான நெடுஞ்சாலை 1 ஓரமாக இப்படித் தங்குவது அங்கே சட்டப்படி தப்பு. சட்டத்தை விடுங்கள். 2016 ஜூலையில் கராபாட்டா பூங்காவில் யாரோ அனுமதியில்லாமல் மூட்டிய ஒரு கேம்ப் நெருப்பு சோபரேனஸ் தீயாக மாறி, அக்டோபர் வரை எரிந்து, 1,32,000 ஏக்கரை அழித்தது. 57 வீடுகள் போயின. அணைக்கப் போன புல்டோசர் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். மூட்டியவர் யாரென்று தெரியாது, சைக்கிள்காரர் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த அந்த ஊர்க்காரர்களிடம், "நான் அடுப்பை ஜாக்கிரதையாகத்தான் பற்றவைப்பேன்" என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவர்கள் வீட்டுப் பின்பக்கம் அது. அனுமதி கேட்டுத் தங்குவது வேறு விஷயம். சின்ன ஊர்களில் தேவாலயத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ போய்க் கேட்டால் இடம் காட்டுவதும் உண்டு. ஒளிந்து படுப்பதை மட்டும் திட்டமாக வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

அப்படியென்றால் எப்படித்தான் திட்டமிடுவது? நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மைல் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு இரவுகளைத்தான் எழுதுவேன். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு இடம், அது பூட்டியிருந்தால் அடுத்தது எங்கே, அது எத்தனை மைல், நடுவில் ஏற்றம் உண்டா, வெளிச்சம் மிச்சமிருக்குமா. இந்த ரெண்டாவது இடம் எழுத முடியாத இரவுதான் அந்தப் பயணத்தின் ஆபத்தான இரவு. அந்த ஒரு இரவுக்கு மட்டும் காசைப் பார்க்காமல் மோட்டலோ விடுதியோ முன்பே பதிவு செய்துவிடலாம். எல்லா இரவுக்கும் பதிவு செய்தால் எதிர்காற்று அடிக்கும் நாளிலும் அடித்துப் பிடித்து ஓடித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, பூங்கா யாருடையது என்று தெரிந்துகொள்வது. பலர் கவனிக்காத விஷயம் இது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சைப் பலகைதான். ஃபைஃபர் மாநிலத்துடையது, கர்க் கிரீக் மத்திய வனத்துறையின் நிலம், குவாலாலா பாயின்ட் சொனோமா கவுண்டியுடையது (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி), மான்டரேயில் மேட்டு மேலே இருக்கும் வெட்டரன்ஸ் மெமோரியல் பார்க் நகராட்சியுடையது. ஒருவர் மூடினால் மற்றவரும் மூட வேண்டுமென்று இல்லை. மாநிலம் பூட்டிய வாரத்தில் கவுண்டி திறந்திருக்கலாம். எனவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக போன் போடுங்கள். இணையதளத்தில் "திறந்திருக்கிறது" என்று போட்டிருப்பது கார் இடங்களைப் பற்றியதாக இருக்கும். போனில் எடுப்பவரிடம், நான் சைக்கிளில் வருகிறேன், ஹைக்கர்-பைக்கர் இடம் திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.

சைக்கிள் பயணிகளுக்குத் தங்கள் வீட்டில் இடம் தருபவர்களின் வார்ம்ஷவர்ஸ் வலையமைப்பு ஊர்ப்பக்கங்களில் ரொம்ப உதவும். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாயின்ட் மோன்டாரா, பிஜன் பாயின்ட் என்று ரெண்டு கலங்கரை விளக்க ஹாஸ்டல்கள் இருக்கின்றன, டென்ட்டே தேவையில்லை. தெற்கே சான் லூயிஸ் ஒபிஸ்போவிலிருந்து சான் டியாகோ வரை பசிபிக் சர்ப்லைனர் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். பல கவுண்டி பேருந்துகளின் முன்புறத்திலும் சைக்கிள் மாட்டும் கம்பிச் சட்டகம் உண்டு. ஒரு பகுதியை ரயிலில் தாண்டினால் பயணம் தீட்டுப்பட்டுவிடாது.

பிக் சர் சாலையோ கேம்ப்கிரவுண்டோ மூடியிருந்தால் மலையின் மறுபக்கம் சாலினாஸ் பள்ளத்தாக்கு வழியாகப் போங்கள். வெயில் சுடும், லெட்டூஸ் வயல்களைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் மதியத்துக்கு மேல் கடல்காற்று முதுகில் பிடித்துத் தள்ளும், கிங் சிட்டியில் சான் லொரென்சோ கவுண்டி பார்க்கில் டென்ட் போடலாம், அப்புறம் நெடுஞ்சாலை 46 மேற்கில் ஒரு மலையேறி இறங்கினால் கேம்ப்ரியா அருகே மறுபடி கடல். பிக் சரைப் பார்க்காமல் போவது வருத்தம்தான். அந்த வருத்தத்தோடு பத்திரமாக ஓட்டி முடிப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இதெல்லாம் நம் பக்கத்து வேலை. பூங்கா நிர்வாகங்களிடம் எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தீயோ மண்சரிவோ தொற்றோ அந்த இடத்தையே ஆபத்தாக்கியிருந்தால் பூட்டுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் ஆள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை, பூங்காவின் ஒரு பகுதியில் குழாய் மாற்றும் வேலை என்று மூடும்போது இந்தப் புல்தரை மூலையைக் கடைசியில் மூடுங்கள், முதலில் திறங்கள். அதற்குக் குப்பை லாரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தண்ணீர், ஒரு தற்காலிகக் கழிப்பறை, பணம் போட ஒரு பெட்டி போதும். காரில் வருபவர் மூடிய கேட்டைப் பார்த்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுவார். சைக்கிள்காரருக்கு அதே தூரம் மறுநாள் முழுக்க.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. கலிபோர்னியாவின் 1976 கடற்கரைச் சட்டம், கடற்கரையில் குறைந்த செலவில் மக்கள் வந்து தங்கும் வசதிகளைக் காக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒரு இரவுக்குச் சில டாலர் வாங்கும் இந்த இடத்தைவிடக் குறைந்த செலவு வசதி அந்தக் கரையில் எது? அந்தச் சட்டத்துக்கு வழிவிட்டது 1972இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 20ஆம் முன்மொழிவு. அதற்கு ஆதரவு திரட்ட மாநில செனட்டர் ஜேம்ஸ் மில்ஸ் என்ன செய்தார் தெரியுமா? சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியாகோ வரை கடற்கரையோரமாகக் கூட்டமாக சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார். இந்தக் கரை பொதுச்சொத்தாக நிலைத்ததில் சைக்கிளுக்கும் பங்கு உண்டு.

இந்த வருஷம் போகப் போகிறவர்கள், எங்கேயாவது கார் இடம் திறந்து ஹைக்கர்-பைக்கர் இடம் மட்டும் பூட்டியிருப்பதைப் பார்த்தால், அந்தப் பூங்காவின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு அதை நடத்தும் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காரணம் என்ன, எப்போது திறப்பார்கள் என்று மரியாதையாக ரெண்டு வரி கேட்டால் போதும். நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.