16க்கு அப்புறம் 18
'சிறு வயதில் நண்பனை இழந்த பிள்ளைகள் ஆறே மாதத்தில் மறந்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்' என்று பிள்ளைகளின் துக்கம் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். அதில் பாதிதான் சரி. விளையாடப் போனோம், மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் நான் ஏழாம் வகுப்பு. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்தச் சுனாமியில், பக்கத்து மீனவ ஊரான அக்கரைப்பேட்டையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காரும் பையனும் போனான். முதல் நாள்தான் என் ரப்பர் பந்தை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததும் ஐயா அட்டெண்டன்ஸ் எடுத்தார். 16க்கு அப்புறம் கொஞ்சம் நின்று, 18 என்றார். நான்தான் 18. 'உள்ளேன் ஐயா' சொல்ல வாயே வரவில்லை, அவரும் அதட்டவில்லை. அந்தக் கட்டுரையின் கீழே ஒருவர், போனவரை நினைத்துக்கொள்ள 'போட்டோ இருந்தால் போதும்' என்று எழுதியிருக்கிறார். கரையோர வீடுகளில் போட்டோவும்தானே கடலோடு போனது? அவன் அம்மாவிடம் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. என்னிடம் இருந்த ஆறாம் வகுப்பு குரூப் போட்டோவில், கேமராவைப் பார்க்காமல் பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான் (பக்கத்துப் பையன் நான்தான்). ஸ்டுடியோவில் கொடுத்து அவனை மட்டும் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள், பாதி முகம்தான் தெரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் போவேன். 'அன்னைக்கு என்ன தம்பி சொன்னே, இப்படிச் சிரிக்கிறான்?' என்று அவன் அம்மா கேட்பார். அது மட்டும் எனக்கு ஞாபகம் வரவே மாட்டேன் என்கிறது.