வெஸ்லியும் விட்ஃபீல்டும் பகைவர்களாகவே மறைந்தார்கள் என்பது சரியன்று

யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்னதாகவே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறித்தல் உபதேசம் பற்றிய தர்க்கத்தால், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரசங்கிமார்களான ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் சாகும்வரை பகைவர்களாகவே இருந்தார்கள் என்றும், ஆகவே உபதேச விஷயத்தில் அன்பு பார்க்கக் கூடாது என்றும் சகோதரர் ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மையே. 1739-இல் வெஸ்லி முன்குறித்தலைக் கண்டித்துப் பிரசங்கித்ததும், 1741-இல் முன்குறித்தலை ஏற்ற விட்ஃபீல்டின் மறுப்புக் கடிதம் அச்சேறியதும், இருவரும் தனித்தனியே ஊழியம் செய்யத் தொடங்கியதும் நடந்தவைதான். அந்தப் பிரசங்கத்தைச் செய்வதா வேண்டாமா என்று வெஸ்லி சீட்டுப்போட்டுப் பார்த்த அந்தரங்கத்தையும் விட்ஃபீல்ட் அக்கடிதத்தில் போட்டுடைத்தார்; வாதத்துக்கு அது எவ்விதத்திலும் தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அதற்காக அவர் பின்னர் வெஸ்லியிடம் மன்னிப்புக் கேட்டதையும், சில ஆண்டுகளில் உறவு மீண்டதையும் சகோதரர் விட்டுவிட்டார். உபதேசக் கருத்துகள் சிலவற்றில் வேறுபட்டிருந்தும் உள்ளத்தால் பிரியாத ஐக்கியத்தின் அடையாளமாக, ஜான் வெஸ்லிக்கும் அவருடைய தம்பி சார்லஸ் வெஸ்லிக்கும் ஆளுக்கொரு துக்க மோதிரத்தை (இறந்தவரின் நினைவாக அணிவது) விட்ஃபீல்ட் தம் உயிலில் எழுதிவைத்தார். 1770 செப்டம்பரில் அவர் அமெரிக்காவில் மறைந்தபின், அவருடைய விருப்பப்படியே நவம்பரில் லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் ஜான் வெஸ்லிதான். இருவரில் எவரும் முன்குறித்தலைப் பற்றிய தம் நிலையைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை என்பதால், உபதேசத்தை விட்டுக்கொடுத்துத்தான் சமாதானமானார்கள் என்று சொல்லவும் இடமில்லை.