“கல்லுத்தானே பிள்ளை!”

ஓகஸ்ட் மாதம் பிறந்தால் ஃபோன் மணி கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. திருகோணமலையில் வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வருத்தம் உண்டு. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சொந்தக்காரர் கோபிப்பார்கள் என்ற பயம். எனக்கு இந்த வருடத்தோடு அந்தப் பயம் விட்டுப்போய்விட்டது.

முதலில் சுகம் விசாரிப்பார்கள். அப்புறம், “உங்கட பக்கம் கடல் இப்ப எப்பிடி?” என்பார்கள். அதோடு முடிந்தது கதை. கடலுக்கு என்ன, அது நன்றாகத்தான் இருக்கிறது. கடலை விசாரித்தால் பின்னால் ஒரு வான் வருகிறது என்று அர்த்தம்.

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை எங்கள் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். வாடைக் காற்று விழுந்தால் கடல் கறுத்துவிடும், படகு எதுவும் போகாது. தெற்கே ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கம் நேர்மாறு, அங்கே நவம்பருக்குப் பிறகுதான் கடல் அடங்கும். அதனால் ஓகஸ்ட் லீவு விட்டதும் முழு நாடும் கிழக்கே சாய்கிறது. சாயட்டும், கடல் எல்லோருக்கும் பொது. ஆனால் ஹோட்டலில் தங்கினால் அவர்களுடைய காசு போகும், எங்கள் வீட்டில் தங்கினால் என் இடுப்பு போகும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

இந்த முறை வந்தது பதின்மூன்று பேர். என் கணவரின் சித்தப்பா, அதாவது எனக்கு மாமா, கொழும்பிலிருந்து. அவரோடு லண்டனிலிருந்து வந்த மகள் குடும்பம், அவர்களுடைய சிநேகிதர் குடும்பம், யாருடையவர் என்று கடைசிவரை எனக்கு விளங்காத இரண்டு பெடியன்கள். வெள்ளி இரவு பத்தரைக்கு வந்து இறங்கினார்கள். இடியப்பம் அவித்து, சொதி வைத்து, பாய் தேடி, நான் படுத்தபோது ஒரு மணி. காலை ஐந்தரைக்கு மாமா ஒரு தாளை நீட்டினார். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாமலை, மாபிள் பீச், திரும்பும் வழியில் மின்னேரியாவில் யானை. எல்லாம் ஒரே நாளில்.

“மாமா, இது ரெண்டு நாள் வேலை.”

“பாத்திட்டு வாறதுதானே பிள்ளை, அங்க என்ன சமைச்சுச் சாப்பிடவா போறம்?”

மின்னேரியாக் குளத்து நீர் வற்ற வற்ற, கரையில் முளைக்கிற புல்லுக்காக அந்த யானைகள் ஒவ்வொரு வருடமும் காட்டிலிருந்து வந்து கூடுகின்றன. அதற்கு எங்கள் ஆட்கள் ஒதுக்கிய நேரம் இருபது நிமிடம், அதுவும் இருட்டுகிற நேரத்தில்.

கோணேசர் கோயில் கோட்டைக்குள்ளே இருக்கிறது. போகிற வழியெல்லாம் புள்ளிமான்கள் நிற்கும். டவுனுக்குள்ளும் வரும், பஸ் ஸ்டாண்ட் பக்கமும் திரியும். வெளியூர்க்காரருக்கு அது அதிசயம். வானை நிறுத்தச் சொல்லி, பெடியனில் ஒருவன் காலைச் சாப்பாட்டுப் பார்சலில் மிஞ்சியதை லஞ்ச் ஷீட்டோடு நீட்டினான். மான் சோற்றை நக்கியது, சம்பலை நக்கியது, பிறகு அந்த ஷீட்டை மெதுவாக மடக்கி மடக்கி வாய்க்குள் இழுத்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். என் கையில் கால்வாசி வந்தது, மிச்சம் உள்ளே போய்விட்டது. பின்னால், “ஸோ க்யூட்!” என்றார்கள். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலிருந்து தடை. விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், மானுக்குத்தான் தெரியாது.

கன்னியாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எதில் சூடு கூட என்று அரை மணி நேரம் சண்டை பிடித்தார்கள். கிளம்பும்போது மூன்று ஷாம்பூ பைக்கற்றுகளை நான் பொறுக்கினேன்.

பிறகு நிலாவெளி. கரையில் புறாமலைக்கு டிக்கெட் எடுக்கிற இடத்தில் லண்டன் மருமகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமிழில் கதைத்தார். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரருக்குப் பல மடங்கு விலை. தமிழ் கதைத்தால் உள்ளூர் விலை என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை. “நான் பிறந்தது யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில!” என்றார். பிறந்த ஆஸ்பத்திரிக்கு விலைக்கழிவு கிடையாது. இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. ஆனால் அந்த ஆத்திரத்தில், “குடுத்த காசுக்குப் பாத்திட்டுத்தான் வரோணும்” என்று ஒரு வெறியோடு படகில் ஏறினார் பாருங்கள், அங்கேதான் வினை தொடங்கியது.

புறாமலை கடலுக்குள் ஒரு சின்னத் தீவு, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தான். மாடப்புறா கூடு கட்டுகிற பாறை, அதனால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகுகிற இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயம் ஆனது, 2003இல் தேசியப் பூங்கா. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கம் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபோது இங்கே பெரும்பாலும் தப்பியது. குண்டுக்குத் தப்பி, சண்டைக்குத் தப்பி, சூட்டுக்கும் தப்பிய இடம். எங்கள் மாமாவின் காலுக்குத் தப்பவில்லை.

பவளத்துக்கு எங்கள் ஊரில் பெயர் முருகைக்கல். இந்தக் ‘கல்’லை ஒட்டிவிட்ட ஆள் யாரோ, அவர் மேல்தான் எனக்கு முதல் கோபம். கல் என்றால் மனிதன் என்ன செய்வான்? ஏறி நிற்பான். அதைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள், யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரில் வைத்துக் கட்டினார்கள். நெடுந்தீவில் காணிக்குக் காணி மதில் அதில்தான். மாமாவுக்குத் தாய்வழி ஊர் நெடுந்தீவு. படகுக்காரத் தம்பி, “ஐயா, அடியில கால் வைக்காதீங்கோ, அதுக்கு உயிர் இருக்கு” என்று சொல்லி வாய் மூடவில்லை, மாமா சிரித்தார். “தம்பி, எங்கட அம்மம்மா வீட்டு வேலியே இதுதான். கல்லுத்தானே!”

அந்தத் தம்பி என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

நான் நிலாவெளியில் வளர்ந்தவள். சுடிதாருக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முகமூடியை மாட்டி, குப்புற மிதந்தால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இரண்டு மூன்று முழ ஆழம்தான். மஞ்சள் மீன் கூட்டமாக வரும், திடீரென்று எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். கிளிமீன் முருகையைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கறுக்கு கறுக்கென்று கேட்கும். அன்றைக்கும் ஒரு ஐந்து நிமிடம் நான் எல்லாவற்றையும் மறந்து கிடந்தேன், இடியப்பத்தையும் சேர்த்து.

அப்போது ஒரு சின்னச் சுறா வந்தது. முதுகுச் செட்டையின் நுனி மையில் தோய்த்த மாதிரிக் கறுப்பு. ஒரு முழ நீளம்கூட இராது. இந்த வகை ஆளைக் கண்டால் ஓடுகிற பிறவி, தின்பது சின்ன மீன்களை. மாமா அதைக் கண்டார். “ஐயோ சுறா!” என்றார். தண்ணீருக்குள் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சொன்னதால் அது வேறு ஏதோ மாதிரிக் கேட்டது. அடுத்த நொடி எழுந்து நின்றுவிட்டார். எண்பத்தைந்து கிலோ ஆள். எதன் மேல்? மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டு, ஒரு சுளகு அகலத்துக்கு விரிந்து நின்ற முருகையின் மேல்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பளத்தைக் கையால் நொறுக்கினால் வருமே, அதே சத்தம். தண்ணீருக்குள் அது இன்னும் கிட்டக் கேட்கும். உடைந்த கிளைகளுக்குள்ளிருந்து நீலக் குஞ்சு மீன்கள் சிதறி ஓடி, திரும்பி வந்து, வீடு இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன.

சரி, பயந்துவிட்டார், வயதான மனிதர் என்று விட்டிருப்பேன். ஆனால் மருமகனுக்கு என்ன பயம்? கொடுத்த காசுக்கு ஒரு ஃபோட்டோ வேண்டும் என்று, உருண்டையாக நின்ற பெரிய முருகை ஒன்றின் மேல் ஏறி, கையை விரித்துக்கொண்டு நின்றார். அந்த உருண்டை வகை வருடம் முழுக்க வளர்ந்து ஒரு சென்ரிமீட்டர் கூடினாலே பெரிய காரியம். அவர் நின்றது எங்கள் பாட்டன் காலத்துப் பிறவியின் தலையில். கரையிலிருந்து காவலர் விசில் ஊதினார். பாவம், எத்தனை பேருக்கு ஊதுவார்? ஒரு பக்கம் ஊத மறுபக்கம் ஏறுகிறார்கள். மருமகன் விசில் சத்தத்துக்குக் கையசைத்தார்.

இதே மாமா போன வருடம் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்து எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தவர். அங்கே வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்களாம், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கிற லேபலைக்கூட உரித்து எடுத்துவிடுவார்களாம். “என்ன ஒழுங்கு பிள்ளை, அப்பிடி இருக்கோணும்!” அங்கே ஒருவர் நின்று கையை நீட்டினார், இவர் கொடுத்தார். கடலுக்கடியில் யார் நின்று கை நீட்டுவது?

எங்கள் ஊரில் மட்டும் இந்தக் கூத்து என்றால் மனதை ஆற்றிக்கொள்ளலாம். யாலவில் ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்று செய்தி பரவினால் போதும், கொழும்பு சந்தி மாதிரி ஜீப் நெரிசல். மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் மூச்சு விட மேலே வந்தால் படகுகள் சுற்றி வளைக்கின்றன. காரைநகரில் வாழ்க்கைப்பட்ட என் மச்சாள், கசூரினாக் கடற்கரையில் பிள்ளைகளை வெறுங்காலோடு விடுவதில்லை, மணலுக்குள் பியர் போத்தல் ஓடு. வடிவான இடம் என்று கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு பேரும் போகிறார்கள். போனபின் அந்த வடிவை ஏறி மிதிக்காமல், கையால் பிய்க்காமல், அதன் வாயில் எதையாவது திணிக்காமல் பார்க்க ஏலாது. பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

திரும்பி வந்து நிலாவெளிக் கரையில் சாப்பாடு. பதின்மூன்று பார்சல், பதினெட்டுத் தண்ணீர்ப் போத்தல், யோகட் கப், கரண்டி. சாப்பிட்டு முடித்து எல்லோரும் எழும்பி மணலைத் தட்டினார்கள். நான் பையை எடுத்துப் பொறுக்கத் தொடங்கினேன். மச்சாள் ஒருத்தி, “விடுங்கோ, அவையள் கூட்டுவினம்” என்றாள்.

இந்த ‘அவையள்’ யார் என்று நான் நாற்பத்தொரு வருடமாகத் தேடுகிறேன். குப்பை அள்ளுவதும் அவையள், மானைக் காப்பாற்றுவதும் அவையள், கடலைப் பார்த்துக்கொள்வதும் அவையள். என் கண்ணில் ஒரு நாளும் பட்டதில்லை. பின்னேரக் காற்று கிளம்பினால் எல்லாப் போத்தலும் உருண்டு உருண்டு கடலுக்குப் போவதை மட்டும் கண்டிருக்கிறேன்.

மாமாவின் காலில் முருகை கீறிய காயம். அது லேசில் ஆறாது, சீழ் பிடிக்கும். அதனால் மாபிள் பீச்சும் யானையும் நின்றுபோய், டிஸ்பென்சரிக்குப் போய், இன்னொரு இரவு என் வீட்டில் தங்கி, இன்னொரு முறை நான் இடியப்பம் அவித்து, ஞாயிறு மத்தியானம்தான் வான் கிளம்பியது. போகும்போது மாமா சொன்னார், “சுறா இருக்கெண்டு நீ முதலே சொல்லியிருக்கலாம் பிள்ளை.”

செவ்வாய்க்கிழமை குளியலறையில் ஒரு நாற்றம். எலி செத்துவிட்டது என்று நினைத்தேன். வாளி, மூலை, தண்ணீர் போகிற துவாரம் எல்லாம் பார்த்தேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு சொப்பிங் பை. உள்ளே ஈரத் துவாய், அதற்குள் சுருட்டி வைத்த முருகைக் கிளை ஒன்று, என் முழங்கை நீளம். தேசியப் பூங்காவிலிருந்து ஒரு சிப்பி எடுப்பதே குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த துண்டு என்றால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாய்க் காய்ந்து கிடக்கும், மணக்காது. இது மண்ணிறமாக, கைக்கு வழுவழுவென்று, மேலே சளி மாதிரி வடிந்துகொண்டு இருந்தது. தொட்ட விரலை மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை.

கிணற்றடியில் கொண்டுபோய் வைத்தேன். எறும்பு ஏறியது. இறைச்சிக்கு ஏறுகிற மாதிரி வரிசையாக ஏறியது.

அன்றிரவு மாமா ஃபோன் பண்ணினார். கால் வீக்கம் வற்றிவிட்டதாம். பிறகு, “பிள்ளை, பாத்ரூமில ஒரு கல்லு மறந்து விட்டிட்டம். சின்னவன் ஷோகேஸில வைக்கவெண்டு ஆசையா எடுத்தது. ஆரும் கொழும்புக்கு வந்தால் குடுத்து விடுறியா?”